பெர்ஷியன் தொழுகை விரிப்புல இருக்குற வளைவு, விளக்கு, பூச்செடி: எது அர்த்தம், எது கடைக்காரர் கதை

கேள்வி இது: "மாமா ஷார்ஜாவுல இருந்து ஒரு பெர்ஷியன் தொழுகை விரிப்பு வாங்கிட்டு வந்திருக்கார். நடுவுல பெரிய வளைவு, அதுல இருந்து தொங்குற விளக்கு, ரெண்டு பக்கமும் தூண், கீழ ஜாடியில பூச்செடி. ஒவ்வொரு பூவுக்கும் மார்க்க ரீதியா ஒரு அர்த்தம் இருக்குன்னு கடைக்காரர் சொன்னாராம். உண்மையா? இது நெஜமாவே தொழுகைக்குன்னு நெய்ததா?"

வளைவுக்கும் விளக்குக்கும் அர்த்தம் உண்டு. பூவுக்கு சொன்ன கதையில முக்கால்வாசி கடைக்காரரோட சொந்த சரக்கு. தொழுகைக்கு நெய்ததாங்குறதுதான் கொஞ்சம் சிக்கல், அதனால அதுல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

நான் துபாய் தேராவுல ஒரு கார்பெட் கடையில 11 வருஷம் இருந்தேன். முதலாளி ஈரான்ல, அதாவது பழைய பெர்ஷியாவுல, தப்ரீஸ் ஊர்க்காரர். கடையோட பின் ரூம்ல ஈரான்ல கோம்ங்குற ஊர்ல செஞ்ச ஒரு பட்டு விரிப்பு சுவத்துல தொங்கும், உங்க மாமா வாங்கினது மாதிரியேதான், வளைவு, விளக்கு, தூண் எல்லாம் இருக்கும், ஆனா அது ஒரு நல்ல கார் விலை. லுஹர், அதாவது மதியத் தொழுகை நேரம் வந்தா முதலாளி ஒளு செஞ்சு, அதாவது கை கால் முகம் கழுவிட்டு வந்து அந்த விரிப்புக்கு நேர் கீழ நிப்பார். அலமாரியில இருந்து ஒரு சின்ன துணி மடிப்பை எடுப்பார், நம்ம ஊர்ல பாட்டி வெத்தல பாக்கு முடிஞ்சு வைக்குமே அந்த சைஸ். பிரிச்சா உள்ள ஒரு தஸ்பீஹ் மணி, கூடவே பிஸ்கட் அளவுக்கு ஒரு களிமண் வில்லை. துணியை விரிச்சு, வில்லையை முன்னாடி வச்சு, சஜ்தாவுக்கு தரையில தலை வைக்கும்போது நெத்தி சரியா அந்த வில்லை மேல படுற மாதிரி தொழுவார். சேர்ந்த புதுசுல எனக்கு ஒண்ணும் புரியல, இவ்வளவு விரிப்பு அடுக்கி வச்சிருக்குற மனுஷன் ஏன் ஒரு சாதா காட்டன் துணியில தொழுறார்னு ஒருநாள் கேட்டேவிட்டேன். அவர் அந்த வில்லையை என் உள்ளங்கையில வச்சு, "இது கர்பலா மண்ணு, கம்பளியில நெத்தி வைக்கக்கூடாது"ன்னார். உருதுவும் ஃபார்சியும் கலந்துதான் பேசுவார், அவ்வளவுதான் எனக்கு அன்னிக்கு புரிஞ்சது.

விஷயம் என்னன்னா, முதலாளி ஷியா முஸ்லிம். ஷியா சட்டப்படி சஜ்தாவுல நெத்தி மண்ணு மேல படணும், இல்லைன்னா மண்ணுல முளைச்ச, ஆனா சாப்பிடாத, உடுத்தாத பொருள் மேல படணும். கல்லு, மரம், இலை, கோரைப்பாய் எல்லாம் ஓகே. கம்பளி ஆட்டோடது, பட்டு புழுவோடது, காட்டன் முளைக்கிறதுதான் ஆனா உடுத்துறோம், அதனால மூணும் ஆகாது. கார்பெட் மேல நிக்கலாம், உக்காரலாம், முட்டி போடலாம், நெத்திக்கு மட்டும்தான் இந்த விதி. அதுக்குத்தான் அந்த மண் வில்லை, ஃபார்சியில மொஹ்ர்னு சொல்வாங்க, அரபில துர்பா. 680-ல நபியோட பேரன் இமாம் ஹுசைன் கொல்லப்பட்ட கர்பலாவோட மண்ணுல செஞ்சதுன்னா ரொம்ப விசேஷம். துணி, தஸ்பீஹ், மொஹ்ர் எல்லாம் சேர்ந்த அந்த மடிப்புக்குத்தான் ஈரான் வீடுகள்ல ஜாநமாஸ்னு பேரு. வசதியானவங்க தெர்மேங்குற ஜரிகை மாதிரி நெசவுத் துணியில வச்சிருப்பாங்க.

1501-ல ஷா இஸ்மாயில் ஷியா மார்க்கத்தை அரசு மார்க்கமா ஆக்கினதுல இருந்து ஈரான் மெல்ல மெல்ல ஷியா நாடாயிடுச்சு. அதனால துருக்கியில கோர்தெஸ், குலா, லாதிக், மிலாஸ்னு ஊர் ஊரா தொழுகை விரிப்புக்குன்னே பேர் வாங்கின மாதிரி ஈரான்ல நடக்கல. காஷான், தப்ரீஸ், கோம் மாதிரி நகரத்துப் பட்டறைகள்ல வளைவு போட்டு நெஞ்ச விரிப்புகளுக்கு அங்க மிஹ்ராபின்னு பேரு, அதாவது அது ஒரு டிசைனோட பேரு, எதுக்கு பயன்படுத்துறாங்கங்குறதோட பேரு இல்ல. இதை புரிஞ்சுக்கிட்டா பாதி குழப்பம் தீர்ந்துடும். அது சுவத்துல மாட்டவும், சீர்ல குடுக்கவும், தர்காவுக்கு காணிக்கையா குடுக்கவும், முக்கியமா வெளிநாட்டுக்காரருக்கு விக்கவும்தான் அதிகம் நெஞ்சாங்க. யாருமே அதுல தொழலைன்னு சொல்ல வரல, விரிச்சு அது மேல மொஹ்ர் வச்சு தொழுறவங்களும் உண்டு. ஆனா மில்லியன் கணக்குல முடிச்சு போட்ட பட்டு மேல தினம் 5 வேளை முட்டி போட்டு தேய்க்க யாருக்கு மனசு வரும்?

ஈரானுக்குள்ளயே நெஜமா தொழுது தேய்ஞ்ச விரிப்பு வேணும்னா சுன்னி சமூகங்கள் பக்கம் போகணும்: கிழக்குல பலூச், வடகிழக்குல துர்க்மேன், மேற்குல குர்து. ஒருதடவை ஸாஹெதான் பக்கத்துல இருந்து ஒரு பெரியவர் பழைய பலூச் விரிப்பு ஒண்ணை விக்கறதுக்கு கொண்டு வந்தார். ஒட்டகம் கலர்ல பழுப்பு நடுப்பகுதி, அதுல ஒல்லியா ஒரு மரம், காஞ்ச இலை மாதிரி கோணக்கோணயா இலைங்க. வளைவுன்னு பேருக்குத்தான், மேல சதுரமா ஒரு தலை, அதுக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு கட்டம், பாத்தா ஒரு மனுஷனோட தலையும் தோளும் மாதிரி இருக்கும். எங்க முதலாளி டிசைனை பாக்கவே இல்ல. கண்ணை மூடிட்டு உள்ளங்கையால மெதுவா தடவினார். கீழ்ப்பாதியில ரெண்டு இடத்துல கம்பளி போய் நூல் தெரிஞ்சது, அது முட்டி. மேல சதுரத்துக்குள்ள ஒரு இடத்துல மட்டும் வழுவழுன்னு, அது நெத்தி. பக்கத்து கட்டம் ரெண்டுலயும் லேசான தேய்மானம், கை. அந்த பெரியவரோட அப்பா காலத்து விரிப்பாம். முதலாளி அதை வாங்கினார், ஆனா கடைசி வரைக்கும் விக்கல, காரணம் கேட்டா பேச்சை மாத்திடுவார்.

இப்ப வளைவுக்கு வருவோம். பள்ளிவாசலுக்குள்ள போனா மக்காவை பாத்த சுவத்துல ஒரு மாடம் இருக்கும்ல, இமாம் நிக்கிற இடம், அதுதான் மிஹ்ராப். நபி (ஸல்) காலத்து பள்ளிவாசல்ல இப்படி குழிஞ்ச மாடம் கிடையாது. 707-லிருந்து 709 வாக்குல கலீஃபா முதலாம் வலீத் உத்தரவுப்படி, மதீனாவுக்கு கவர்னரா இருந்த உமர் பின் அப்துல் அஸீஸ் நபியோட பள்ளிவாசலை பெருசாக்கி கட்டினப்பதான் முதல்முதலா அங்க குழிவான மிஹ்ராப் வச்சாங்கன்னு சொல்வாங்க. அந்த மாடத்தை அப்படியே தரையில படுக்க வச்ச மாதிரிதான் விரிப்புல இருக்குற வளைவு. வளைவோட முனை கிப்லா, அதாவது மக்கா பக்கம் போகணும், அவ்வளவுதான் அதோட வேலை, ஒரு அம்புக்குறி மாதிரி. அதை யாரும் கும்பிடறது இல்ல, அதுக்கு தனியா புனிதமும் இல்ல.

சொல்லப்போனா தொழுகைக்கு விரிப்பே தேவையில்ல. பூமி முழுசும் எனக்கு தொழுமிடமா ஆக்கப்பட்டிருக்குன்னு நபி சொன்னதா ஹதீஸ் இருக்கு. இடம் சுத்தமா இருந்தா போதும். நபி தொழுதது கும்ராங்குற சின்ன ஈச்ச ஓலைப் பாய்லன்னு வருது, முகமும் கையும் வைக்கற அளவுதான் அது. நபித்தோழர் அனஸ் அவங்க வீட்டுல பழசாகி கருத்துப்போன ஒரு பாயை தண்ணி தெளிச்சு விரிச்சதாவும், அதுல நபி தொழுததாவும் இன்னொரு ஹதீஸ். இதையெல்லாம் விட நம்ம விஷயத்துக்கு பொருத்தமான ஒண்ணு நபியோட மனைவி ஆயிஷா நாயகி சொன்னது: நபி ஒருநாள் வேலைப்பாடு போட்ட ஒரு போர்வையை போட்டுக்கிட்டு தொழுதாங்க, தொழுது முடிச்சதும் இதை தோழர் அபூ ஜஹ்ம்கிட்ட குடுத்துட்டு அவரோட சாதா போர்வையை வாங்கிட்டு வாங்க, இதோட வேலைப்பாடு தொழுகையில என் கவனத்தை கலைச்சிடுச்சுன்னாங்களாம். அதனால கண்ணை இழுக்குற டிசைன் தொழுகைக்கு வேண்டாம்னு ஆலிம்கள் சொல்றது ஒண்ணும் புதுசு இல்ல. உலகத்துலயே கண்ணை அதிகமா இழுக்குற விரிப்பு தொழுகை விரிப்புங்குற பேர்லயே வித்தாகுது பாருங்க, அதுதான் வேடிக்கை.

வளைவோட வடிவத்துல ஊர் தெரியும். துருக்கி விரிப்புல படிக்கட்டு மாதிரி ஏறி முனையில சேரும், இல்ல முக்கோணமா இருக்கும். பலூச்ல சதுரம். ஈரான் நகரத்து விரிப்புல மட்டும் நெஜ கட்டடத்துல பாக்குற மாதிரியே வழவழன்னு வளைஞ்சு நுனி கூரா முடியும். காரணம் சிம்பிள், அங்க டிசைன் போடுறவர் தனி ஆளு. நக்ஷேன்னு கட்டம் போட்ட பேப்பர்ல வரைஞ்சு குடுப்பார், ஒரு கட்டம் ஒரு முடிச்சு. சன்னமான முடிச்சுல எந்த வளைவையும் கொண்டு வந்துடலாம். பலூச் பொண்ணு மனசுல இருக்குறதை வச்சு தரையில படுக்க வச்ச தறியில மொத்தக் கம்பளியில நெய்யுது, அதுல வட்டம் வராது, கோணம்தான் வரும். இஸ்ஃபஹான்ல ஒரு மதரஸாவுல இருந்த, 1354 வாக்குல செஞ்ச ஓட்டுச்சில்லு மிஹ்ராப் ஒண்ணு இப்ப நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துல இருக்கு, நீலமும் வெள்ளையுமா முழு ஆள் உயரத்தை விட பெருசு. அதை போட்டோல பாத்துட்டு உங்க மாமாவோட விரிப்பை பாருங்க, சொந்தக்காரங்கன்னு உடனே தெரியும். ரெண்டு பக்கத் தூணும் அந்த கட்டடத்துல இருந்து வந்ததுதான், வளைவை தாங்க தூண் வேணும்ல, அதுக்கு மேல அதுல தத்துவம் தேட வேண்டாம்.

வளைவுன்னா வாசல்ங்குற எண்ணமும் ஃபார்சி மனசுல ஆழமா இருக்கு. லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்துல இருக்குற அர்தபீல் கார்பெட் தொழுகை விரிப்பு இல்ல, 10 மீட்டருக்கு மேல நீளம், ஷேக் ஸஃபி தர்காவுக்காக நெஞ்சது. அதோட ஒரு ஓரத்துல சின்ன கட்டத்துக்குள்ள ஃபார்சி கவிஞர் ஹாஃபிஸோட ரெண்டு வரி நெஞ்சிருக்கு: உன் வாசப்படியை விட்டா எனக்கு உலகத்துல போக்கிடம் இல்ல, இந்தக் கதவைத் தவிர என் தலையை சாய்க்க இடம் இல்ல. கீழ மக்ஸூத் காஷானிங்குற பேரும் 946 ஹிஜ்ரி, அதாவது 1539-40ங்குற வருஷமும். தலை சாய்க்கற இடம்னு நூல்ல எழுதி தரையில விரிச்சிருக்காங்க. நான் நெஜத்துல பாத்ததில்ல, ஆனா முதலாளி இந்த ரெண்டு வரியை ஃபார்சியில சொல்லும்போது குரல் மாறிடும்.

விளக்கு கதை இன்னும் தெளிவானது. குர்ஆன்ல 24-வது அத்தியாயம் 35-வது வசனம், ஒளி வசனம்னு சொல்வாங்க. அல்லாஹ் வானங்கள், பூமியோட ஒளி, அந்த ஒளிக்கு உவமை ஒரு மாடம், அதுல ஒரு விளக்கு, விளக்கு ஒரு கண்ணாடிக்குள்ள, அந்தக் கண்ணாடி மின்னுற நட்சத்திரம் மாதிரி, கிழக்கும் இல்லாத மேற்கும் இல்லாத ஒரு ஆலிவ் மரத்து எண்ணெயில எரியுது, இதுதான் அதோட சாரம். மாடம், விளக்கு, மரம் மூணும் ஒரே வசனத்துல வந்துடுது பாருங்க. விரிப்போட வளைவுக்குள்ள தொங்குற விளக்கை இந்த வசனத்தோட சேர்த்து பாக்குறது பழைய வழக்கம், மசூதியில நெஜமா தொங்கின கண்ணாடி விளக்குகளும் கண்ணு முன்னாடி இருந்துச்சு. ஆனா தலைமுறை தலைமுறையா ஒருத்தரை பாத்து ஒருத்தர் காப்பி அடிச்சதுல இந்த விளக்கு பாவம் ரொம்ப கஷ்டப்பட்டிருக்கு. சில துருக்கி விரிப்புல அது கூஜாவா மாறிடுச்சு, சிலதுல தலைகீழா தொங்குற பூங்கொத்தா ஆயிடுச்சு, சிலதுல சங்கிலி மட்டும் மிச்சம். அந்த பூங்கொத்தை காட்டி "இது சொர்க்கத்துப் பூ"ன்னு கடைக்காரர் சொல்றப்ப எனக்கு சிரிப்பு வரும், அது அடையாளம் தெரியாம போன விளக்கு.

பூச்செடிக்கும் மரத்துக்கும் வருவோம். தோட்டம்னா சொர்க்கம்ங்குறது ஈரான்ல இஸ்லாத்துக்கும் முந்தின பழக்கம். இங்கிலீஷ்ல பாரடைஸ்ங்குறாங்களே, அந்த வார்த்தையே சுத்துச்சுவர் போட்ட தோட்டத்துக்கான பழைய ஈரானிய வார்த்தையில இருந்து போனது. குர்ஆன்லயும் கீழ ஆறுகள் ஓடுற தோட்டங்கள்னு திரும்பத் திரும்ப வருது. வறண்ட நாட்டுக்காரனுக்கு இதை விட பெரிய வாக்குறுதி என்ன வேணும். அதனால வளைவு வாசல், அதுக்கு அந்தப் பக்கம் தெரியுற தோட்டம்தான் நடுப்பகுதின்னு எடுத்துக்கலாம், இந்த அளவு நியாயமான விளக்கம். சைப்ரஸ் மரம், ஃபார்சியில சர்வ், வருஷம் பூரா பச்சையா நேரா நிக்கும், அதை வளைவோட ரெண்டு ஓரத்துலயும் நிறுத்துவாங்க. ஷீராஸ் பக்கத்துல கஷ்காய் மக்கள் நெஞ்ச ஒரு வகை இருக்கு, ஹெஸார் கோல், ஆயிரம் பூன்னு அர்த்தம், ஒரு ஜாடியில இருந்து கிளம்பி வளைவுக்குள்ள ஊசி குத்த இடம் இல்லாம பூ, ஓரத்துல பாதி சைப்ரஸ். இது முகலாயர் காலத்துல இங்க இந்தியாவுல நெஞ்ச வளைவு விரிப்புகளை பாத்து போனதுங்குறது பெரும்பாலான நிபுணர்கள் ஒத்துக்குற விஷயம், அதாவது பெர்ஷியன் டிசைன் இந்தியாவுக்கு வந்து, மாறி, திரும்ப பெர்ஷியாவுக்கே போயிருக்கு. துணியிலயும் இதே போக்குவரத்து. ஆந்திராவுல மசூலிப்பட்டினத்து கலம்காரிக்காரங்க பெர்ஷியா மார்க்கெட்டுக்குன்னே வளைவும் சைப்ரஸும் போட்டு தொழுகைத் துணி அச்சடிச்சு கப்பல்ல அனுப்பினாங்க. ஈரான்ல ஒரு பாட்டி கர்பலா மண் வில்லையை வச்சு தொழுத துணி கிருஷ்ணா ஆத்துப் பக்கம் சாயம் போட்டதா இருந்திருக்கலாம்.

ஆனா இதுக்கு மேல, 5 இதழ்னா 5 கடமை, 7 கரைன்னா 7 வானம், ரோஜான்னா இது, கார்னேஷன்னா அதுன்னு போறது எல்லாம் விக்கற வாய். நானும் சொல்லியிருக்கேன், மறைக்கல. சேர்ந்த 2-வது வருஷத்துல ஒரு ஜெர்மன் தம்பதிக்கு ஒரே விரிப்பை வச்சு 20 நிமிஷம் கதை விட்டேன். இதுல ரொம்ப பிரபலமானது "நெசவாளி வேணும்னே ஒரு தப்பு விடுவா, ஏன்னா குறையில்லாதவன் அல்லா ஒருத்தன்தான்"ங்குறது. எங்க கடைக்கு ரிப்பேர் பண்ண வர்ற தப்ரீஸ் கைத்தொழில்காரர் ஒருத்தர்கிட்ட இதை கேட்டேன். ஊசியை வாயில கடிச்சுக்கிட்டே, நாலு லட்சம் முடிச்சுல தப்பு தானா வரும், வேணும்னு வேற விடணுமான்னார். தவிர, நான் குறையில்லாம நெய்ய முடியும், பணிவுக்காக ஒண்ணு விடறேன்னு நினைக்கறதே பெருமையில்லையா! நடுவுல கலர் கொஞ்சம் மாறி கோடு கோடா தெரிஞ்சா அதுக்கும் கதை சொல்வாங்க. அதுக்கு அப்ரஷ்னு பேரு, சாயத் தொட்டி மாறியிருக்கும், முதல் தடவை ஊறவச்ச கம்பளி தீர்ந்து அடுத்த தடவை ஊறவச்சது வேற ஷேடுல வந்திருக்கும், அவ்வளவுதான்.

எழுத்து இருக்குற விரிப்பு தனி தலைவலி. குர்ஆன் வசனத்தை கால்ல மிதிக்கலாமா? அதனால பழைய மிஹ்ராபி விரிப்புகள்ல வசனம் இருந்தா பெரும்பாலும் மேல்பாதியில, நெத்தி போற பக்கத்துக் கரையில மட்டும்தான் இருக்கும், கால் வைக்கற கீழ்ப்பாதியில வெறும் பூவேலை. துருக்கியில 1610-ல சுல்தான் முதலாம் அஹ்மது குதாஹ்யா ஊர் காஜிக்கு, அதாவது நீதிபதிக்கு, உத்தரவே அனுப்பினார்: மிஹ்ராப், காபா, வசனம் போட்ட விரிப்பு நெய்யாதீங்க, அது முஸ்லிம் இல்லாதவங்க கைக்கு வித்துப்போகுதுன்னு. உத்தரவு போட்டா நிக்குமா, ஏற்றுமதி போய்க்கிட்டேதான் இருந்துச்சு. இன்னிக்கும் ருமேனியாவுல பிராஷோவ் ஊர் பிளாக் சர்ச்ல ஒரு பெரிய கலெக்‌ஷனே தொங்குது, துருக்கி தொழுகை விரிப்பெல்லாம் கிறிஸ்தவ வியாபாரிங்க சர்ச்சுக்கு காணிக்கையா குடுத்தது.

இந்த எழுத்து போட்ட பெர்ஷியன் விரிப்புகள்ல ஒரு துப்பறியும் கதையும் உண்டு. இஸ்தான்புல் தோப்காபி அரண்மனையில வசனம் நெஞ்ச, வெள்ளிச் சரிகை போட்ட, நேத்து நெஞ்ச மாதிரி பளபளன்னு இருக்குற வளைவு விரிப்புகள் நிறைய இருக்கு, இதே ஜாதி மேற்கு நாட்டு மியூசியங்கள்லயும் இருக்கு. ஜார்ஜ் ஸால்டிங்ங்குற கலெக்டர் 1909-ல இறந்தப்ப அதே லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்துக்கு எழுதிவச்ச ஒரு கார்பெட்டால இந்த குரூப்புக்கே ஸால்டிங் கார்பெட்னு பேர் வந்துச்சு. கலர் இவ்வளவு புதுசா இருக்கே, இது 16-ம் நூற்றாண்டு ஸஃபவி அரச வம்ச காலத்துதா இருக்க முடியாது, 19-ம் நூற்றாண்டுல துருக்கியில அடிச்ச காப்பின்னு 20-ம் நூற்றாண்டுல நிபுணர்கள் ரொம்ப காலம் ஒதுக்கி வச்சாங்க. சந்தேகத்துக்கு நியாயமும் இருந்துச்சு, ஏன்னா இஸ்தான்புல்ல கும்காபிங்குற ஏரியாவுல ஆர்மேனிய நெசவு மேஸ்திரிங்க ஸாரே பென்யாமினும் ஹாகோப் கபூஜியானும் இதே மாதிரி அரண்மனை விரிப்புகளை பாத்து அசத்தலா காப்பி நெஞ்சவங்கதான். அப்புறம் சாயத்தையும் கட்டுமானத்தையும் ஆராய்ஞ்சு பாத்ததுல பலது உண்மையிலயே 16-ம் நூற்றாண்டு ஈரான்தான்னு பல பேர் ஒத்துக்கிட்டாங்க. ஏன் இவ்வளவு புதுசா இருந்துச்சு? பெட்டியில பூட்டியே வச்சிருந்தாங்க, யாரும் அதுல தொழவே இல்லன்னுதான் நான் நினைக்கிறேன்.

இப்ப உங்க மாமா விரிப்பு. ஜாடி, தூண், விளக்கு மூணும் சேர்ந்த டிசைன் காஷான், தப்ரீஸ், கோம் மூணு ஊர்லயும் உண்டு. கோம் இதுல லேட்டா வந்த ஆளு, 1930கள் வாக்குலதான் அங்க கார்பெட் தொழில் சூடு பிடிச்சது, ஆனா இன்னிக்கு பட்டுன்னா கோம்தான். பிரச்சனை என்னன்னா இதே டிசைனை காஷ்மீர், பாகிஸ்தான், சீனாவுலயும் கையாலயே நெய்யறாங்க, மெஷின்ல காஷான்லயே லட்சக்கணக்குல அடிக்கறாங்க. காஷ்மீர் சரக்கு மட்டம்னு அர்த்தம் இல்ல, நல்லதெல்லாம் ரொம்ப நல்லா இருக்கும், ஆனா பெர்ஷியன்னு விலை போட்டிருந்தா ஏமாத்து. திருப்பிப் போட்டு பாருங்க. பின்பக்கத்துல டிசைன் முன்பக்கம் மாதிரியே தெளிவா, ஒவ்வொரு முடிச்சும் லேசா ஏறி இறங்கி இருந்தா கை வேலை. குஞ்சம் விரிப்போட பாவு நூலே வெளிய நீண்டதா இருக்கணும், தனியா வச்சு தைச்சிருந்தா பெரும்பாலும் மெஷின். பட்டுன்னு சொன்னா குஞ்சத்துல ஒரே ஒரு நூலை பிச்சு கொளுத்துங்க, முடி கருகுன நாத்தம் வந்தா பட்டு, பேப்பர் எரிஞ்ச வாசனை வந்தா ஆர்ட் சில்க், அதாவது செயற்கைப் பட்டு.

முடிச்சு எவ்வளவுன்னு கடைக்காரர் ரஜ் கணக்குல சொல்லியிருப்பார். தப்ரீஸ் கணக்குல 7 சென்டிமீட்டர்ல எத்தனை முடிச்சுங்குறதுதான் ரஜ். 50 ரஜ்னா ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 5 லட்சம் முடிச்சு, அப்ப 80-க்கு 120 சென்டிமீட்டர் விரிப்புல கிட்டத்தட்ட 4 லட்சத்து 90 ஆயிரம். ஒரு ஆளு நாளைக்கு 8,000 முடிச்சு போட்டாலும் ரெண்டு மாசம் லீவே எடுக்காம உக்காரணும். இதை மனசுல வச்சு மாமா குடுத்த விலையை பாருங்க, அதுவே பதில் சொல்லிடும். முடிச்சு வகையை வச்சு ஊர் சொல்றேன்னு வர்றவங்களை மட்டும் நம்பாதீங்க. பெர்ஷியன் முடிச்சுக்கு சென்னே முடிச்சுன்னு இன்னொரு பேரு, சென்னேங்குறது குர்திஸ்தான்ல இருக்குற ஸனந்தஜ் ஊர், ஆனா அந்த ஊர்க்காரங்க பெரும்பாலும் போடுறது துருக்கி முடிச்சு!

இன்னொரு சின்ன டெஸ்ட் இருக்கு, தடவிப் பாக்கறது. கம்பளி முடி எப்பவும் நெய்ய ஆரம்பிச்ச பக்கமா சாஞ்சிருக்கும். சாதாரணமா கீழ இருந்து மேல நெய்வாங்க, அப்ப வளைவு முனையில இருந்து கால் பக்கமா தடவினா வழுக்கும். சில தொழுகை விரிப்புகளை, குறிப்பா துருக்கியில, வளைவு முனையை முதல்ல வச்சு தலைகீழா நெஞ்சிருப்பாங்க, அதுல சஜ்தாவுக்கு கை முன்னாடி போகும்போது வழுக்கிட்டு போகும்.

பெரிய மசூதிகளுக்கு ஈரான் நெஞ்சு குடுத்ததுல நான் கவனிச்ச ஒண்ணு. அபுதாபி ஷேக் ஸாயித் மசூதியில விரிச்சிருக்குற கார்பெட் 5,600 சதுர மீட்டருக்கு மேல, ஈரான்ல கையால நெஞ்சு துண்டு துண்டா கொண்டு வந்து சேர்த்தது. அவ்வளவு பெரிய தொழுகைக் கார்பெட்ல ஆளுக்கொரு வளைவுன்னு கட்டம் கட்டமா போடல. ஒரே பூந்தோட்டம். வரிசையா நிக்கணுமே, அதுக்கு கம்பளியை லேசா செதுக்கி மெல்லிசா கோடு மட்டும் விட்டிருக்காங்க. தூரத்துல இருந்து பாத்தா தெரியவே தெரியாது, கால் வச்சு நின்னா கண்ணுக்கு தட்டுப்படும். டிசைனையும் கெடுக்காம வேலையும் நடக்கணும்னா இப்படித்தான் யோசிக்கணும்னு தோணுச்சு.

நம்ம பக்கத்துல பத்தமடையில லெப்பை முஸ்லிம் குடும்பங்கள் தாமிரபரணி கோரையில நெய்யற பாய் இருக்கே, அதுல தொழுகைப் பாயும் போடறாங்க. எங்க முதலாளிக்கு ஒருதடவை ஊர்ல இருந்து ஒண்ணு வாங்கிட்டுப் போய் குடுத்தேன். விரலால தேய்ச்சு பாத்து, புல்லுதானேன்னு ரெண்டு தடவை கேட்டார், ஆமான்னேன். அன்னிக்கு அஸர் தொழுகைக்கு மண் வில்லையை எடுக்கல, நேரா பாயிலயே நெத்தி வச்சார். மேல அந்த கோம் பட்டு விரிப்பு எப்பவும் போல தொங்கிக்கிட்டு இருந்துச்சு.

மாமாகிட்ட சொல்லுங்க, சுன்னியா இருந்து, விரிப்பு கம்பளின்னா தாராளமா அதுல தொழலாம், நெத்தி வச்சா ஒண்ணும் தப்பில்ல. விரிக்கும்போது முனை கிப்லா பக்கம் இருக்கணும், தமிழ்நாட்டுல இருந்து அது நேர் மேற்கு இல்ல, வடக்கு பக்கமா கொஞ்சம் சாஞ்ச மேற்கு. சேர்ந்த முதல் வாரம் நான் ஒரு விரிப்பை முனை வாசலைப் பாத்து இருக்குற மாதிரி விரிச்சு, வர்றவங்க எல்லாம் விளக்கை மிதிச்சுக்கிட்டே உள்ள வந்து, முதலாளிகிட்ட வாங்கின திட்டு இன்னும் காதுல இருக்கு. சுவத்துல மாட்டறதா இருந்தா வெயில் நேரா படாத சுவரா பாத்து, ஆணி அடிக்காம, பின்னாடி துணிப்பட்டி தைச்சு கம்பு கோத்து மாட்டச் சொல்லுங்க. முன்பக்க போட்டோ வேண்டாம், பின்பக்கத்தை ஒரு ஸ்கேல் வச்சு கிட்டத்துல போட்டோ எடுத்து அனுப்புங்க, எண்ணிப் பாத்து எந்த ஊர் சரக்கா இருக்கும்னு சொல்றேன்.